தலையணைக்கு அடியில் ஒரு ஹீரோ

கி.மு. 334. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கிற குறுகலான கடல். இன்றைக்கு டார்டனெல்ஸ் என்கிறோம். அன்றைக்கு அதன் பெயர் ஹெல்லஸ்பாண்ட்.

கப்பல்கள் எதிர்க்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. முதல் கப்பலில் சுக்கான் பிடித்திருப்பவனுக்கு வயது 21. மாசிடோனியாவின் ராஜா. கப்பல் ஓட்ட ஆள் கிடைக்காமல் இல்லை. நானே ஓட்டுவேன் என்று ஆசை. நடுக்கடலில் ஒரு காளையைக் கடல் தெய்வத்துக்குப் பலி கொடுத்தான். தங்கக் கிண்ணத்தில் இருந்து மதுவை அலைகளில் ஊற்றினான். கரை நெருங்கியதும் கையில் இருந்த ஈட்டியை ஆசிய மண்ணில் எறிந்து நட்டான். முழுக் கவசத்தோடு, எல்லோருக்கும் முதல் ஆளாகக் குதித்தான்.

எதிரே பாரசீகம். அன்றைய தேதியில் உலகிலேயே பெரிய சாம்ராஜ்ஜியம். புத்தியுள்ள எந்தத் தளபதியும் அடுத்து என்ன செய்வான்? ஒற்றர்களை அனுப்புவான். எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்ப்பான்.

இவன் அதெல்லாம் செய்யவில்லை. படையைக் கரை சேர்க்கிற வேலையைப் பெரியவர் பார்மீனியன் தலையில் கட்டிவிட்டு, சுற்றுலா கிளம்பிவிட்டான். டிராய் நகரத்துக்கு!

அலெக்ஸாண்டரைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிறையப் படித்திருப்பீர்கள். மாவீரன், உலகை வென்றவன், போரஸ், குதிரை, இத்யாதி. அவன் ஒரு வெறி பிடித்த ரசிகன் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஹீரோவின் பெயர் அக்கிலீஸ்.

யார் இந்த அக்கிலீஸ்? ஹோமர் பாடியதாகச் சொல்லப்படும் இலியட் காவியத்தின் நாயகன். அம்மா தீட்டிஸ், கடல் தேவதை. அப்பா பீலியஸ், சாதாரண மனித ராஜா. அக்கிலீஸுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. டிராய் போரில் நின்றால் இளமையிலேயே சாவு, ஆனால் அழியாத புகழ். வீட்டுக்குத் திரும்பிப் போனால் நீண்ட ஆயுள், ஆனால் பெயர் சொல்ல நாதி இருக்காது. எதை எடுத்தான் என்று சொல்லவேண்டியதில்லை.

பத்து வருஷப் போரில் சில வாரங்களின் கதைதான் இலியட். 24 காண்டங்கள். பதினைந்தாயிரத்துச் சொச்சம் வரிகள். தலைவன் அகமெம்னான் தன்னை அவமானப்படுத்திவிட்டான் என்று அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்துவிடுகிறான். அவனுடைய உயிர் நண்பன் பெட்ரோக்ளஸ், அவன் கவசத்தை மாட்டிக்கொண்டு போருக்குப் போய்ச் செத்துப்போகிறான். கொன்றவன் டிராய் இளவரசன் ஹெக்டர். அக்கிலீஸ் வெறிகொண்டு எழுந்து ஹெக்டரைக் கொல்கிறான். ஆத்திரம் அடங்காமல் பிணத்தின் கால்களைத் துளைத்து, வாரால் கோத்து, ரதத்தில் கட்டி இழுக்கிறான்.

2004ல் பிராட் பிட் நடித்து வந்த டிராய் படத்தைப் பார்த்திருந்தால் இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு விஷயம். அந்த மரக்குதிரை இலியடில் வராது. அக்கிலீஸ் சாவதும் வராது. இலியட் வேறோர் இடத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். விவகாரமே அங்கேதான்.

அலெக்ஸாண்டருக்கு இந்த ரசிப்பு, பாலோடு சேர்த்துப் புகட்டப்பட்டது. அம்மா ஒலிம்பியாஸ், எபைரஸ் நாட்டு இளவரசி. அந்த ராஜ குடும்பம் அக்கிலீஸின் மகன் நியோப்டாலமஸ் வழி வந்தது என்று சொல்லிக்கொண்டது. ஆக, நமக்கெல்லாம் கதையில் வருகிற ஆள், அவனுக்குக் கொள்ளுத்தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா.

போதாக்குறைக்கு லைசிமாக்கஸ் என்று ஒரு வாத்தியார். பெரிய படிப்பாளி எல்லாம் இல்லை. ஆனால் பிழைக்கத் தெரிந்தவர். பையனை அக்கிலீஸ் என்று கூப்பிடுவார். அவன் அப்பா பிலிப்பை பீலியஸ் என்பார். தனக்கு, கதையில் அக்கிலீஸை வளர்த்த பெரியவரான ஃபீனிக்ஸின் பெயரை வைத்துக்கொண்டார். இந்த ஒரே வித்தையில் அவருக்கு அரண்மனையில் காலமெல்லாம் சாப்பாடு கிடைத்தது. நான் சொல்லவில்லை, புளூட்டார்க் சொல்கிறார்.

பிறகு கி.மு. 343ல் நிஜமான வாத்தியார் வந்தார். அரிஸ்டாட்டில். அவர் மாணவனுக்காக இலியடின் ஒரு பிரதியைத் திருத்திக் கொடுத்தார். அலெக்ஸாண்டர் அதைக் கடைசிவரை விடவில்லை. ராத்திரி தூங்கும்போது தலையணைக்கு அடியில் இரண்டு பொருள்கள் இருக்குமாம். ஒன்று, குத்துவாள். இன்னொன்று, இலியட். பின்னால் பாரசீக மன்னன் டேரியஸின் பொக்கிஷத்தில் இருந்து ஓர் அற்புதமான பெட்டி கிடைத்தது. இதில் எதை வைக்கலாம் என்று நண்பர்களைக் கேட்டான். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ம்ஹும். இலியடைத்தான் வைப்பேன் என்றுவிட்டான்.

இப்போது டிராய் சுற்றுலாவுக்கு வருவோம்.

முதலில் கோயில். ஏதீனா தேவிக்குத் தன் கவசத்தைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, டிராய் போர்க் காலத்து ஆயுதங்கள் என்று அங்கே மாட்டிவைத்திருந்ததை எடுத்துக்கொண்டான். அடுத்து, பிரியாம் ராஜாவின் ஆவிக்கு ஒரு பூஜை. ஏன்? கதைப்படி, கிழவர் பிரியாமைக் கொன்றது அந்த நியோப்டாலமஸ். நம் தாத்தா செய்த பாவம் நம் தலையில் விழக்கூடாது என்று பேரன் பரிகாரம் செய்கிறான். கதை என்கிற நினைப்பே அவனுக்கு இல்லை, பாருங்கள். குடும்ப விவகாரம்!

பிறகு அக்கிலீஸின் சமாதி. கல்லுக்கு எண்ணெய் பூசி, மாலை சாத்தி, நண்பர்களோடு அதைச் சுற்றி நிர்வாணமாக ஓடினான். அந்தக் கால வழக்கம் அது. பக்கத்திலேயே பெட்ரோக்ளஸின் சமாதி. அதற்கு மாலை போட்டது ஹெஃபைஸ்டியன். அலெக்ஸாண்டரின் ஆருயிர்த் தோழன். யார் அக்கிலீஸ், யார் பெட்ரோக்ளஸ் என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது.

ஊர்க்காரர் ஒருவர், இளவரசன் பாரிஸின் யாழ் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டார். ஹெலனைத் தூக்கிக்கொண்டு வந்தானே, அந்த பாரிஸ். அது யாருக்கு வேண்டும், வீரர்களின் புகழைப் பாட அக்கிலீஸ் மீட்டிய யாழ் இருந்தால் காட்டுங்கள் என்றான்.

போகும்போது ஒரு பெருமூச்சு. அக்கிலீஸ் கொடுத்துவைத்தவன். வாழும்போது நல்ல நண்பன் கிடைத்தான், செத்த பிறகு பாட ஒரு ஹோமர் கிடைத்தார்.

அந்த இரண்டாவது விஷயத்தில் அலெக்ஸாண்டருக்கு அதிர்ஷ்டமில்லை. காய்ரிலஸ் என்று ஒரு கவிஞர் கூடவே வந்தார். காசு வாங்கிக்கொண்டு கவிதை எழுதித் தள்ளினார். படுமோசம். உன் பாட்டில் அக்கிலீஸாக இருப்பதைவிட ஹோமர் பாட்டில் தெர்சைட்டீஸாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று அலெக்ஸாண்டர் சொன்னதாக ஒரு கதை உண்டு. தெர்சைட்டீஸ் யாரென்றால், இலியடில் வருகிறவர்களிலேயே அவலட்சணமான ஆசாமி. வாயைத் திறந்து அடி வாங்குகிறவன்.

இதுவரை எல்லாம் ரசிக்கும்படி இருக்கிறது, இல்லையா? ஒரு பையன், ஒரு புத்தகம், ஒரு கனவு. இனிமேல்தான் பிரச்னை.

கி.மு. 332. காஸா. ஆமாம், இன்றைக்கும் செய்தியில் அடிபடுகிற அதே காஸா. எகிப்துக்குப் போகிற வழியில் அந்த ஒரு கோட்டை மட்டும் கதவைத் திறக்கவில்லை. தளபதியின் பெயர் பாடிஸ். இரண்டு மாதம் தாக்குப் பிடித்தான். அலெக்ஸாண்டருக்கே தோளில் பலத்த காயம். கடைசியில் கோட்டை விழுந்தது. ஆண்கள் நின்ற இடத்திலேயே போரிட்டுச் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

பாடிஸைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அவன் மண்டியிடவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அடுத்து நடந்ததை ரோமானிய எழுத்தாளர் கர்டியஸ் எழுதுகிறார். பாடிஸின் கணுக்கால்களில் துளையிட்டு, வாரைக் கோத்து, ரதத்தில் கட்டி, ஊரைச் சுற்றி இழுக்கவைத்தான் அலெக்ஸாண்டர். என் மூதாதை அக்கிலீஸ் செய்ததை நானும் செய்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டானாம்.

ஒரே வித்தியாசம். அக்கிலீஸ் இழுத்தபோது ஹெக்டர் பிணம். பாடிஸுக்கு உயிர் இருந்தது.

இது நடந்ததா என்று சந்தேகப்படுகிற அறிஞர்கள் உண்டு. கர்டியஸ் முந்நூறு வருஷங்களுக்கும் மேலே கழித்து எழுதியவர். காஸா முற்றுகையை விவரமாக எழுதும் அரியன் இதைச் சொல்லவே இல்லை. சரி, கட்டுக்கதை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அலெக்ஸாண்டரைப் பற்றிக் கதை கட்ட உட்கார்ந்தவனுக்கு ஏன் குறிப்பாக இந்தக் கதை தோன்றியது? அக்கிலீஸிடம் இருந்து அவன் என்ன கற்றுக்கொண்டிருப்பான் என்று ஊர் நினைத்ததோ, அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது, இலியட் எங்கே முடிகிறது என்று பார்த்துவிடலாம்.

ஹெக்டரின் பிணத்தை அக்கிலீஸ் தினமும் இழுத்துக்கொண்டிருக்கிறான். ஓர் இரவு அவனுடைய கூடாரத்துக்குள் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். பிரியாம். ஹெக்டரின் அப்பா. எதிரி முகாமுக்குள், படை பரிவாரம் இல்லாமல், மகனின் பிணத்தைக் கேட்டு வந்திருக்கிறார். அக்கிலீஸின் முழங்காலைக் கட்டிக்கொள்கிறார். தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறார். உன் அப்பாவை நினைத்துப் பார், அவருக்கும் என் வயசுதான் என்கிறார்.

அக்கிலீஸ் உடைந்துபோகிறான். அவனுக்குத் தெரியும், ஊரில் இருக்கும் அப்பாவை அவன் இனிமேல் பார்க்கப்போவதில்லை. கிழவர் மகனுக்காக அழுகிறார். இவன் அப்பாவுக்காகவும் நண்பனுக்காகவும் அழுகிறான். பிறகு பிணத்தைக் கழுவி, துணி போர்த்தி, தானே தூக்கி வைத்து அனுப்புகிறான். சாப்பிடாமல் போகாதீர்கள் என்கிறான். ஈமக்காரியத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டு, அத்தனை நாளும் போரை நிறுத்தி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு இலியட் முடிந்துவிடுகிறது. கடைசிக் காட்சி வெற்றி இல்லை, எதிரியின் சாவு வீடு.

இந்தக் காண்டமும் அந்தத் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

அலெக்ஸாண்டர் அதைப் படிக்காதவன் இல்லை. சிறைப்பட்ட டேரியஸின் அம்மாவையும் மனைவியையும் ராணிகளாகவே நடத்தினான். கி.மு. 330ல் டேரியஸைச் சொந்த ஆட்களே கொன்று போட்டபோது, உடலை ராஜ மரியாதையோடு அடக்கம் செய்ய பெர்சபோலிஸுக்கு அனுப்பிவைத்தான். அந்தப் பக்கத்தைச் சில நாள் திறந்திருக்கிறான். பல நாள் திறக்கவில்லை.

கி.மு. 324ல் திறக்கவே இல்லை. அந்த வருஷம் எக்பட்டானா நகரில் ஹெஃபைஸ்டியன் காய்ச்சலில் செத்துப்போனான். அக்கிலீஸ் பெட்ரோக்ளஸுக்காகத் தலைமுடியை வெட்டினான் அல்லவா? அலெக்ஸாண்டரும் வெட்டினான். குதிரைகள், கோவேறு கழுதைகளின் பிடரி மயிரையும் மழிக்கச் சொன்னான். வைத்தியரைக் கொல்லவைத்தான். ஈமச் சடங்குச் செலவு பத்தாயிரம் டாலண்ட் என்கிறார்கள். பி.காம். படித்த தோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டாலண்ட் சுமார் 26 கிலோ வெள்ளி. மொத்தம் 260 டன்!

அதோடு நிற்கவில்லை. இலியடில் பெட்ரோக்ளஸின் சிதையில் 12 டிராய் இளைஞர்களை அக்கிலீஸ் வெட்டிப் போடுவான். அலெக்ஸாண்டர், மலைவாசிகளான கோஸியர்கள்மீது படையெடுத்தான். இளைஞர்கள் தொடங்கி ஆண்கள் அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள், அதற்கு ஹெஃபைஸ்டியனின் ஆவிக்குப் படையல் என்று பெயர் வைத்தார்கள் என்கிறார் புளூட்டார்க். கதையில் பன்னிரண்டு. நிஜத்தில் ஓர் இனம். அந்த மலைவாசிகளுக்கு அக்கிலீஸ் யாரென்றுகூடத் தெரிந்திருக்காது.

அடுத்த ஜூனில், கி.மு. 323ல், பாபிலோனில் அலெக்ஸாண்டர் செத்துப்போனான். 33 வயது முடியவில்லை. குறைந்த ஆயுள், நிறைந்த புகழ். கேட்டது கிடைத்தது.

ரசிகனுக்கும் ரசிகர்கள் உருவானார்கள். அதில் உச்சம், ரோமானியச் சக்கரவர்த்தி கராகல்லா. இவர் அலெக்ஸாண்டரின் பைத்தியம். மாசிடோனியர்களை மட்டும் வைத்து 16,000 பேர் கொண்ட ஒரு படையை உருவாக்கி, பழைய காலத்து ஆயுதங்களைக் கொடுத்தார். அலெக்ஸாண்டரின் சாவில் அரிஸ்டாட்டிலுக்குப் பங்கு உண்டு என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பி, ஐந்நூறு வருஷம் கழித்து அரிஸ்டாட்டிலின் சிஷ்ய கோடிகள்மேல் பாய்ந்தார்.

கி.பி. 214 வாக்கில் அவரும் டிராய்க்கு வந்தார். அக்கிலீஸ் சமாதிக்கு மாலை போட்டார். சரி, அடுத்த காட்சிக்கு ஒரு பெட்ரோக்ளஸ் வேண்டுமே? செத்துப்போன நண்பன் இல்லாமல் எப்படி அழுவது? அந்த நேரம் பார்த்து அவருடைய அபிமான உதவியாளன் ஃபெஸ்டஸ் செத்துப்போனான். நோய் என்றார்கள் சிலர். இதற்காகவே விஷம் வைத்துவிட்டார் என்றார்கள் வேறு சிலர். பிரமாதமாகச் சிதை அடுக்கி, காற்றுத் தெய்வங்களை வேண்டி, கடைசியாகத் தன் முடியில் ஒரு கொத்தை வெட்டி நெருப்பில் போடத் தலையில் கை வைத்தார் கராகல்லா.

தலையில் முடி இல்லை. ஏறக்குறைய வழுக்கை. தேடித் தேடி எதையோ வெட்டிப் போட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார் ஹெரோடியன். நமக்கும் சிரிப்பு வருகிறது. அந்த ஃபெஸ்டஸை நினைத்தால்தான் சிரிக்க முடியவில்லை.

எல்லா ரசிகர்களும் ராஜாக்கள் இல்லை. வியாபாரிகளும் உண்டு. 1822ல் ஜெர்மனியில் பிறந்த ஹைன்ரிஷ் ஷ்லீமன் அப்படி ஒருவர். ரஷ்யாவில் அவுரிச் சாயம் விற்றார். கலிபோர்னியாவில் தங்கத்தூள் வாங்கி விற்றார். கிரிமியப் போரில் வெடியுப்பு விற்றுப் பெரும் பணம் பார்த்தார். நாற்பது வயது தாண்டியதும் கடையை மூடிவிட்டு, ஹோமர் சொன்ன டிராயைத் தேடக் கிளம்பினார். அந்தக் காலப் பண்டிதர்கள் பலர் டிராய் வெறும் கற்பனை என்றார்கள். துருக்கியில் ஹிஸார்லிக் என்ற மேட்டைக் காட்டி, இங்கே தோண்டு என்று வழி சொன்னவர் ஃபிராங்க் கால்வர்ட். மேட்டின் ஒரு பகுதிக்குச் சொந்தக்காரர். பேரும் புகழும் மட்டும் ஷ்லீமனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த மேட்டில் ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது நகரங்கள் இருந்தன. ஹோமரின் டிராய் ஆதிகாலத்தது, அடியில்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார் ஷ்லீமன். 1871ல் இருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களை வைத்து மேட்டின் நடுவே ஒரு பெரிய பள்ளத்தை வெட்டினார். வழியில் வந்த சுவர்களை எல்லாம் இடித்துத் தள்ளினார். 1873ல் தங்கம் கிடைத்தது. பிரியாமின் புதையல் என்று உலகுக்கு அறிவித்தார். துருக்கி அரசுக்குத் தெரியாமல் கடத்திக்கொண்டு போய், மனைவி சோஃபியாவுக்கு அந்த நகைகளைப் பூட்டிப் போட்டோவும் எடுத்தார். வழக்கு நடந்தது. 50,000 ஃபிராங்க் கொடுத்து முடித்துக்கொண்டார். பிள்ளைகளின் பெயர்? மகள் ஆண்ட்ரமேக்கி, ஹெக்டரின் மனைவி பெயர். மகன் அகமெம்னான்!

பிறகுதான் உண்மை தெரிந்தது. அந்தத் தங்கம், டிராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. பிரியாமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் போர்க் காலத்து டிராய் இன்னும் மேலே இருந்த அடுக்குகளில் இருந்திருக்கிறது. எதைத் தேடி வந்தாரோ, அதில் ஒரு பகுதியைத் தானே வெட்டி வெளியே எறிந்துவிட்டார். புதையல் பெர்லினுக்குப் போய், 1945ல் சோவியத் படையோடு மாஸ்கோவுக்குப் போய், இருக்கிற இடமே தெரியாமல் கிடந்து, 1996ல் புஷ்கின் மியூசியத்தில் வெளிச்சத்துக்கு வந்தது.

ஆனாலும் ஒன்றை மறுக்கமுடியாது. இந்த மனிதருக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்த மேட்டை அப்போது யார் கைக்காசு போட்டுத் தோண்டியிருப்பார்கள்? அலெக்ஸாண்டருக்கும் அப்படித்தான். அக்கிலீஸ் இல்லாவிட்டால் 21 வயதுப் பையன் அந்தக் கடலைத் தாண்டியிருப்பானா? ரசிப்புதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. அதே ரசிப்புதான் காஸாவில் கயிறாகவும் ஹிஸார்லிக்கில் கடப்பாரையாகவும் மாறியது.

அக்கிலீஸ் என்ன சொல்வான்? அதையும் ஹோமரே எழுதி வைத்திருக்கிறார். இலியடுக்கு அடுத்த காவியமான ஒடிஸியில், நாயகன் ஒடிஸியஸ் செத்தவர்களின் உலகத்துக்குப் போகிறான். அங்கே அக்கிலீஸைப் பார்க்கிறான். உனக்கென்னப்பா, வாழும்போது உன்னைத் தெய்வமாகக் கொண்டாடினோம், இங்கேயும் நீதான் ராஜா, செத்ததற்கு ஏன் வருத்தப்படுகிறாய் என்று தேற்றுகிறான்.

சாவைப் பற்றி எனக்கு இனிக்க இனிக்கச் சொல்லாதே என்கிறான் அக்கிலீஸ். செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, உயிரோடு பூமியில், சோற்றுக்கே வழியில்லாத ஓர் ஏழையின் வயலில் கூலிக்காரனாக இருந்துவிட்டுப் போவேன் என்கிறான். அடுத்து அவன் கேட்கிற கேள்வி என்ன தெரியுமா? என் பையன் எப்படி இருக்கிறான்? அப்பாவை யாராவது பார்த்துக்கொள்கிறார்களா?

அலெக்ஸாண்டருக்கு ஒடிஸியும் தெரியும். எகிப்தில் அலெக்ஸாண்ட்ரியா நகரத்துக்கு இடம் பார்த்தபோது ஒடிஸியின் வரிகள்தான் கனவில் வந்து வழி சொன்னதாம். ஊர் கட்ட இடம் சொன்ன வரிகள் காதில் விழுந்தன. இந்த வரிகள் விழவில்லை.

டேரியஸின் அந்த அழகான பெட்டிக்குள் இருந்தது இலியட் மட்டும்தான்.